வருவதா, போவதா?

திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு சகோதரி நமக்கு ஒரு வழக்கை அனுப்பியிருக்கிறார். வழக்கு என்றுதான் சொல்ல வேண்டும். வாதி, பிரதிவாதி, வக்கீல் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ஏழாம் வகுப்பில் வாசிக்கும் அவருடைய பிள்ளைக்கு அரைப் பரீட்சையில் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதும்படி கேள்வி வந்ததாம். வெளியூரிலுள்ள சிநேகிதனுக்கு, ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் தங்க உத்தேசித்திருப்பதைத் தெரிவிக்க வேண்டும். பையன், ‘ஐ ஷல் கம் டு யுவர் ஹவுஸ் ஆன் ஸண்டே’ என்று எழுதினான். உபாத்தியாயர் ‘கம்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘கோ’ என்று எழுதி, ஒரு மார்க்கையும் குறைத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, “நீ உன் வீட்டை விட்டுத்தானே கிளம்புகிறாய்? கிளம்புகிறவன் போகிறான், அவன் வருவது எப்படி?” என்றாராம்.

அன்று முதல் வீட்டில் இரண்டு கட்சி ஏற்பட்டுவிட்டது. பையனின் தகப்பனார் உபாத்தியாயர் பக்கம். தாத்தாவோ பேரன் பக்கம். “‘நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன்’ என்றுதானே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொண்டிருக்கிறோம்? ‘உங்கள் வீட்டுக்குப் போகிறேன்’ என்று எவனாவது எதிரில் நிற்பவனிடம் சொல்வானா?” என்பது தாத்தாவின் வாதம். “அது தமிழ், இது இங்கிலீஷ்” என்பது தகப்பனாரின் பதில். சாப்பாட்டு வேளையில்கூட இந்தப் பேச்சு ஓய்வதில்லை என்றும், நாம் தீர்ப்புச் சொன்னால் ரசமாவது ஆறாமல் இருக்கும் என்றும் சகோதரி எழுதுகிறார்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லி விடுகிறோம். பையன் எழுதியதுதான் சரி. தாத்தா இங்கிலீஷ் படித்தவரோ இல்லையோ நாம் அறியோம். ஆனால் அவர் காட்டிய காரணம் இங்கிலீஷுக்கும் பொருந்தும். தமிழுக்கு வேறு, இங்கிலீஷுக்கு வேறு என்று பிரிக்க வேண்டிய இடங்கள் பல உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறோம். இது அப்படிப்பட்ட இடம் அன்று.

நடத்தல், ஓடுதல், ஏறுதல், இறங்குதல் முதலிய வினைகளில் உடம்பு என்ன செய்கிறது என்பது தெரிகிறது. வருதலிலும் போதலிலும் உடம்பு செய்வது ஒன்றேதான். ஒருவன் தெருவில் நடந்து செல்கிறான். இந்தக் கோடியில் நிற்பவர் ‘போகிறான்’ என்கிறார், அந்தக் கோடியில் நிற்பவர் ‘வருகிறான்’ என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. ஆகவே, இச்சொற்கள் நடப்பவனைப் பற்றிச் சொல்வதைக் காட்டிலும், பேசுகிறவர் எங்கே நிற்கிறார், கேட்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் அதிகமாகச் சொல்கின்றன. உபாத்தியாயர் பையன் எங்கிருந்து கிளம்புகிறான் என்று பார்த்தார். பார்க்க வேண்டியது அவன் போய்ச் சேரும் இடத்தை. அது பேசுகிறவன் இடமா, கேட்கிறவன் இடமா, இரண்டுமல்லாத மூன்றாம் இடமா? பேசுகிறவன் இடமானாலும் கேட்கிறவன் இடமானாலும் ‘கம்’. மூன்றாம் இடமானால் ‘கோ’. சிநேகிதன் வீடு கடிதத்தைப் படிக்கிறவனுடைய இடம். ஆகவே ‘கம்’.

இந்த விதியை எந்த இங்கிலீஷ் இலக்கணத்திலிருந்து எடுத்தீர்கள் என்று தகப்பனார் கேட்கலாம். இங்கிலீஷ்காரர்களுக்கு வெகுகாலம் முன்பே தொல்காப்பியர் இதைச் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் என்னும் முதல் இயலில், செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கு சொற்களை எடுத்துக் கொள்கிறார். அவற்றுள் வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன என்றும், செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன என்றும் வகுத்துவிடுகிறார். பிற்காலத்தில் நன்னூலாரும் இதை ஒப்புக் கொண்டு எழுதினார். என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், அவனிடம் சென்றான். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். திருச்சிராப்பள்ளித் தாத்தா சூத்திரத்தைப் படித்துத்தான் பேசினார் என்பதில்லை. சூத்திரம் அவர் போன்றவர்களின் பேச்சைக் கேட்டு எழுதப்பட்டது.

இங்கே சற்று விலகி ஒன்று சொல்ல ஆசை. தா, கொடு என்ற பேதம் இங்கிலீஷில் இல்லை. எனக்கானாலும் அவனுக்கானாலும் ‘கிவ்’ ஒன்றுதான். தமிழிலும் இக்காலத்தில் இது மங்கிக் கொண்டிருக்கிறது. “அவனுக்குத் தந்துவிட்டேன்” என்று நம் வகுப்புப் பிள்ளைகளே சொல்கிறார்கள். மலையாளத்தில் இன்னும் கண்டிப்பாகக் காப்பாற்றி வருகிறார்கள். ஜப்பானியரும் தமக்குக் கொடுப்பதற்கு ஒரு சொல்லும், தாம் பிறருக்குக் கொடுப்பதற்கு வேறொரு சொல்லும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே ஜப்பானியர், ‘நாளை உங்கள் வீட்டுக்கு’ என்னுமிடத்தில் ‘போகிறேன்’ என்பார்கள். ஸ்பெயின் தேசத்துத் தாய் சமையலறையிலிருந்து கூப்பிட்டால், பிள்ளை ‘இதோ போகிறேன்’ என்ற பொருளுள்ள சொல்லைச் சொல்லிக் கொண்டு ஓடி வருவான். நம் வீட்டிலும் இங்கிலீஷ்காரர் வீட்டிலும் ‘இதோ வருகிறேன்’தான். சிவப்பு மைக்கார உபாத்தியாயரின் விதி ஸ்பெயினிலும் ஜப்பானிலும் செல்லும். தமிழ்ப் பிள்ளை இங்கிலீஷ் கற்கும்போது மட்டும் தாய் பாஷையே கைகொடுக்கும் இந்த ஓர் இடத்தில், அதை நம்பாதே என்று ஏன் சொல்ல வேண்டும்?

இனி, ‘இடம்’ என்பதைப் பற்றிக் கொஞ்சம் நுட்பமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1971-ஆம் வருஷத்தில் சார்லஸ் பில்மோர் என்ற அமெரிக்கப் பாஷா சாஸ்திரி, ஸாண்டா க்ரூஸ் நகரத்துச் சர்வகலாசாலையில் தொடர்ச்சியாகச் சில பிரசங்கங்கள் செய்தார். அவற்றில் ஒன்று முழுவதும் ‘கம்’, ‘கோ’ இரண்டையும் பற்றியது. ஒரு மணி நேரம் பேச இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். இருக்கிறது. பேசும் சமயத்தில் ஒருவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. போய்ச் சேரும் சமயத்தில் இருந்தாலும் போதும். மாம்பலத்தில் உட்கார்ந்து கொண்டு நாம் மயிலாப்பூரிலுள்ள நண்பரிடம் டெலிபோனில் பேசுகிறோம். அவர் நாளை மாலை எழும்பூர் ஸ்டேஷனில் ரயிலேறப் போகிறார். “நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன்” என்கிறோம். இப்போது ஸ்டேஷனில் நாமும் இல்லை, அவரும் இல்லை. நாளை அவர் அங்கே இருப்பார். அதனால் இங்கிலீஷிலும் ‘கம்’தான். அவர் பயணத்தை நிறுத்திவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். நாம் வேறு யாரையோ வழியனுப்பப் போகிறோம். இப்போது அவரிடம் ‘ஐ ஆம் கோயிங் டு எக்மோர்’ என்றே சொல்ல வேண்டும்.

ஆளே இல்லாவிட்டாலும் வீடு ஒருவருடைய இடமாகவே கருதப்படும். “நேற்று நான் இல்லாதபோது அவர் என் வீட்டுக்கு வந்தாராம்” என்று சொல்வதில்லையா? அங்கும் ‘கேம்’ தான். ஆனால், சிநேகிதன் ஊரிலேயே இல்லை, பூட்டிய வீட்டில் நாம் போய் அவன் மறந்து வைத்த சாவியைத் தேட வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்போது அவனிடமே ‘ஐ வில் கோ டு யுவர் ஹவுஸ்’ என்று சொல்லலாம். அதுவே இயல்பாகவும் இருக்கும். இந்த ஒரு சந்தர்ப்பத்துக்காக உபாத்தியாயருக்குக் கால் மார்க்குத் தரலாம். பரீட்சைக் கடிதத்தில் சிநேகிதன் வீட்டில்தான் இருந்தான். ஆகவே அதற்கு மேல் இல்லை.

மற்றொன்று. “நான் கச்சேரிக்குப் போகிறேன், நீங்களும் வருகிறீர்களா?” ஒரே வாக்கியத்தில் நாம் போகிறோம், அவர் வருகிறார்; இருவரும் சேர்ந்து ஒரே வண்டியில் ஒரே இடத்துக்குத்தான். கூட வருதல் என்ற பொருளில் இது நடக்கிறது. இங்கிலீஷிலும் அச்சாக அப்படியே: ‘ஐ ஆம் கோயிங், ஆர் யூ கமிங்?’ இதைத் தமிழ்ப் பிள்ளைகள் தவறாக எழுதி நாம் பார்த்ததே இல்லை.

‘பிரிங்’, ‘டேக்’ என்ற இரண்டும் இவற்றின் தங்கைமார். கொண்டு வருவது ‘பிரிங்’, கொண்டு போவது ‘டேக்’. இதை விளக்க நாம் வகுப்பில் ஒரு குடையை உபயோகிப்பது வழக்கம். மழை பிடித்துக் கொண்டது. அப்பா ஆபீசிலிருந்து வீட்டுக்கு டெலிபோன் செய்து, பையனிடம் குடை கேட்கிறார்: ‘பிரிங் தி அம்பரெல்லா’. அம்மா வாசலில் நின்று அதே பையனிடம் அதே குடையை நீட்டி, ‘டேக் தி அம்பரெல்லா டு ஃபாதர்’ என்கிறாள். பையன் ஒருவன், குடை ஒன்று, தெரு ஒன்று. வினை மட்டும் இரண்டு. குடை எங்கே போய்ச் சேருகிறது, பேசுகிறவர் அங்கே இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

நம் பிள்ளைகள் தவறுவது ‘எடுத்துக் கொண்டு வா’ என்னுமிடத்தில். எடுத்தலுக்கு ‘டேக்’ என்று ஒரு தடவை நெட்டுருச் செய்துவிட்டதால், ‘டேக் தி புக் அண்ட் கம்’ என்று எழுதி விடுகிறார்கள். தமிழில் மூன்று வினைகள் வரிசையாக நின்றால் இங்கிலீஷில் அவை ஒரே சொல்லாக மடங்கிவிடும். ‘எடுத்துக் கொண்டு வா’ என்பது ‘பிரிங்’. இங்கிருந்து போய், அங்கே எடுத்து, திரும்பி வருவது முழுவதும் வேண்டுமானால் அதற்கும் ஒற்றைச் சொல் உண்டு: ‘பெட்ச்’. கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டு வருவது, டாக்டரை அழைத்து வர ஓடுவது எல்லாம் இதில் அடங்கும். ‘கேரி’ என்பதோ சுமையை மட்டும் சொல்லும், திசையைச் சொல்லாது. ரயில்வே போர்ட்டர் வந்தாலும் போனாலும் ‘கேரி’தான்.

அயர்லாந்துக்காரர்களில் பலர் நாம் ‘டேக்’ என்று எழுத வேண்டிய இடத்திலும் ‘பிரிங்’ என்பார்கள். அமெரிக்காவிலும் சில பிரதேசங்களில் அப்படியே. சினிமாவில் இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் நம்மிடம் சண்டைக்கு வருவதுண்டு. அது அந்தந்தச் சீமையின் வழக்கு, குற்றமன்று என்று சொல்லி, பரீட்சைத் தாளில் மட்டும் வேண்டாம் என்று முடித்து விடுகிறோம்.

ஊர் போய்ச் சேர்ந்ததைத் தெரிவிக்கும் ‘ரீச்’ பற்றியும் ஒரு வார்த்தை. நம் தாத்தாமார் காலத்தில் பிரயாணம் போனவர்கள் ‘ரீச்ட் ஸேஃப்லி’ என்று தந்தியடிப்பது வழக்கம். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தியே நின்றுவிட்டது; ஆனால் அந்த வாசகம் நிற்கவில்லை. இன்று கைபேசியில் ‘ரீச்ட்’ என்ற ஒற்றைச் சொல்லாக வந்து விழுகிறது. இங்கிலீஷ்காரன் இதைப் படித்தால், எதை எட்டினான், அலமாரியின் மேல் தட்டையா என்று யோசிப்பான். ‘ரீச்’ என்றால் எதை என்று சொல்லியாக வேண்டும்: ‘ரீச்ட் ஹோம்’, ‘ரீச்ட் மதுரை’. இடத்தைச் சொல்லாமல் விடுவதானால் ‘அரைவ்ட்’. ‘ரீச்’சுக்குப் பின் ‘டு’ போடுவது அநாவசியம். பெற்றவர்களுக்கு அனுப்பும் செய்தியில் இலக்கணம் பார்க்க வேண்டாம். செய்தி வந்தால் போதும்.

தமிழும் இங்கிலீஷும் கைகோத்துச் செல்லும் இடங்கள் இன்னும் உண்டு. ‘மழை பெய்யப் போகிறது’ என்கிறோம். அவர்களும் ‘இட் இஸ் கோயிங் டு ரெயின்’ என்று போதலைக் கொண்டே எதிர்காலத்தைச் சொல்கிறார்கள். பால் கெட்டுப் போயிற்று, கண் மங்கிப் போயிற்று, புத்தி கலங்கிப் போயிற்று. இவைகளுக்கெல்லாம் அவர்களும் ‘கோ’தான் போடுகிறார்கள். மயக்கம் தெளிந்து நினைவு வந்தால் ‘கம்’. நல்ல நிலைமை நம் வீடு, கெட்ட நிலைமை வெளியூர் என்பது போல இரண்டு பாஷைகளும் எண்ணுகின்றன. நோயாளியின் உடற்சூடு இறங்கியதைச் சொல்லும்போது ‘கேம் டவுன்’ என்றால், ஜுரம் தணிந்து சரியான அளவுக்கு வந்துவிட்டது என்று கேட்பவருக்கு ஓர் ஆறுதல் தட்டும். ‘வென்ட் டவுன்’ என்றால் அந்த ஆறுதல் இல்லை; அளவுக்குக் கீழேயும் போயிருக்கலாம்.

‘வென்ட்’ என்றதும் நினைவு வருகிறது. ‘கோ’வுக்கு இறந்த காலம் ‘கோட்’ என்று எழுதும் குழந்தைகளை யாரும் அடிக்க வேண்டாம். இங்கிலீஷ்காரர் வீட்டுக் குழந்தைகளும் முதலில் அப்படித்தான் சொல்கின்றன. ‘வென்ட்’ உண்மையில் ‘கோ’வின் பிள்ளையே அன்று. ‘வெண்ட்’ என்று திரும்புதலையும் வழி நடத்தலையும் குறித்த வேறொரு வினையின் இறந்த காலம் அது. ‘கோ’வுக்குப் பழைய இங்கிலீஷில் வேறு இறந்த கால வடிவம் இருந்தது, 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் அது வழக்கொழிந்தது, ‘வென்ட்’ அந்த இடத்துக்குச் சுவீகாரம் வந்துவிட்டது.

தமிழும் இங்கிலீஷும் பிரியும் இடங்களைச் சொல்வதாக மேலே வாக்களித்தோம். முதலாவது, விடை பெறும்போது. தமிழர் வீட்டில் ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினால் பாட்டி விடமாட்டாள். “போய் வருகிறேன் என்று சொல்லடா” என்று திருத்துவாள். ‘போய்விட்டார்’ என்பதற்கு நாம் சொல்லத் துணியாத இன்னோர் அர்த்தம் இருப்பதே காரணம். வரவரப் போதலைச் சொல்வதைக்கூட விட்டுவிட்டு, ‘வருகிறேன்’ என்று மட்டும் சொல்லிக் கிளம்புகிறோம். நம் சிநேகிதர் ஒருவரின் மருமான் மேற்படிப்புக்கு இங்கிலாந்து சென்று ஓர் அம்மாள் வீட்டில் தங்கியிருந்தான். முதல் நாள் மாலை மேல் சட்டையை மாட்டிக் கொண்டு, மிக்க மரியாதையாக ‘ஐ ஆம் கமிங்’ என்று சொல்லி வெளியே போனான். அந்த அம்மாள், இதோ வருவதாகத்தானே சொன்னான் என்று சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துக் கொண்டு காத்திருந்தாள். இரவு ஒன்பது மணிக்கு அவன் திரும்பி வந்தபோது சூப்பும் ஆறியிருந்தது, அம்மாளின் முகமும் மாறியிருந்தது. மரியாதைக்குச் சொன்ன சொல்லே அவனை மரியாதை தெரியாதவனாக்கிவிட்டது.

இலங்கையில் தமிழர், சிங்களவர் இரு சாராரும் விடைபெறும்போது போய் வருவதாகவே சொல்வார்கள். அங்கே இங்கிலீஷிலும் ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்பது சகஜமாகக் கேட்கும். நம்மவருக்குள்ளே இது நன்றாகவே விளங்குகிறது. இதைத் தவறு என்று சொல்லிப் பிள்ளைகளைக் கேலி செய்வது நமக்கு உடன்பாடில்லை. அன்னியரிடம் மட்டும் ‘குட் பை’ என்று சொல்லட்டும். அந்தச் சொல்லும் ‘கடவுள் உம்மோடு இருப்பாராக’ என்ற இங்கிலீஷ் வாழ்த்துத் தேய்ந்து தேய்ந்து உண்டானதுதான். ஆகையால் பாட்டிக்கும் ஆட்சேபம் இராது.

இரண்டாவது இடம் இவ்வளவு வேடிக்கையானதன்று. இதைச் சொல்வதற்கே இவ்வாரம் பேனாவை எடுத்தோம்.

தமிழில் ‘போயிருக்கிறார்’ என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம். “அப்பா எங்கே?” “மதுரைக்குப் போயிருக்கிறார்.” இங்கே அப்பா இன்னும் திரும்பவில்லை. “அப்பா மதுரையைப் பார்த்ததுண்டா?” “இரண்டு தடவை போயிருக்கிறார்.” இங்கே அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக் கொண்டிருக்கிறார். நாம் கேள்வியைக் கொண்டு அர்த்தத்தைத் தெரிந்து கொள்கிறோம், தடுமாறுவதில்லை. இங்கிலீஷில் இந்த இரண்டுக்கும் இரண்டு சொல். போய் இன்னும் அங்கேயே இருந்தால் ‘ஹாஸ் கான்’. போய்த் திரும்பிவிட்டால் ‘ஹாஸ் பீன்’. ஆகவேதான், ‘ஐ ஹாவ் கான் டு டெல்லி டுவைஸ்’ என்று எதிரில் நிற்கிறவன் சொன்னால் இங்கிலீஷ்காரனுக்கு விநோதமாக இருக்கிறது. டெல்லிக்குப் போயிருக்கிறவன் இங்கே எப்படி நிற்கிறான்?

சில வருஷங்களுக்கு முன் நம்மிடம் படித்த ஒரு பிள்ளை, வெளி மாகாணத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தான். வகுப்பில் முதல் வரிசைப் பையன். நாம் சொன்னதை எழுத்துப் பிசகாமல் எழுதுவான். வேலையில் சேர்ந்த நாலாம் மாதம், ஊரில் தாயாருக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தம்பி டெலிபோனில், “அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், நீ உடனே புறப்பட்டு வா” என்றான். இவன் மேலதிகாரிக்கு லீவுக் கடிதம் எழுதினான்: ‘மை மதர் ஹாஸ் பீன் டு ஹாஸ்பிடல்.’ அதன் கீழே, ஒரு வாரம் லீவு வேண்டும் என்று ஒரு வரி. அதிகாரி இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர். தாயார் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிவிட்டார் என்று வாசித்தார். அது உள்ளபடி அந்த வாக்கியத்தின் பொருளே. மாதக் கடைசிக் கணக்கு முடிந்ததும் போகலாம் என்று எழுதி அனுப்பிவிட்டார். பையன் புதிதாகச் சேர்ந்தவன். எதிர்த்துக் கேட்கப் பயம். தெரிந்துதான் மறுக்கிறார், இவர் மனம் கல் என்று எண்ணிக் கொண்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டான். ஐந்தாம் நாள் மறுபடியும் டெலிபோன் வந்த பிறகு, அதிகாரியின் அறைக்குள் போய் அழுதுவிட்டானாம். அவர் திடுக்கிட்டு, அதைக் கடிதத்தில் எழுதக் கூடாதா என்று கடிந்து, அன்று மாலை ரயிலுக்கே அனுப்பி வைத்தார். அவன் ஊர் வந்து சேர்ந்தபோது தாயாருக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த அம்மாள் பிழைத்துக் கொண்டாள். ஆனால் சிகிச்சை அறைக்குள் கொண்டு போகும் வரையில் மூத்தவன் வந்தானா, மூத்தவன் வந்தானா என்று கேட்டுக் கொண்டே இருந்தாளாம்.

இதையெல்லாம் அவனே நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னான். குறை சொல்ல வரவில்லை; பழைய உபாத்தியாயரைப் பார்த்துவிட்டுப் போக வந்தான். ‘ஹாஸ் பீன்’ என்று ஏன் எழுதினாய் என்று கேட்டோம். “நீங்கள்தாம் சார் சொல்லிக் கொடுத்தீர்கள், ‘போயிருக்கிறார்’ என்றால் ‘ஹாஸ் பீன் டு’ என்று” என்றான். அவன் போன பிறகு நம் பழைய பாடக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். இருந்தது. நம் கையெழுத்தில், ‘போயிருக்கிறார்’ என்று ஒரு பக்கம், அதற்கு நேரே ‘ஹாஸ் பீன் டு’ என்று மறுபக்கம். ஒரு வாக்கியம்கூட உதாரணமாக இல்லை. அந்த அதிகாரியை நாம் குறை சொல்வதற்கு இடமில்லை, பையனையும் சொல்வதற்கில்லை.

அவன் என்ன எழுதியிருக்க வேண்டும்? ‘மை மதர் ஹாஸ் கான் இன்டு ஹாஸ்பிடல்’ என்று எழுதியிருந்தால் போதும். ‘மை மதர் இஸ் இன் ஹாஸ்பிடல்’ என்றிருந்தால் இன்னும் நல்லது; ஆபத்தான சமயத்தில் சிறிய வாக்கியமே உத்தமம். இதில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. ‘பீன்’ என்பதே குற்றமன்று. ‘ஹாஸ் பீன் இன் ஹாஸ்பிடல் ஸின்ஸ் மண்டே’ என்றால், திங்கட்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள் என்று அர்த்தம். ‘டு’ இருக்குமிடத்தில் ‘இன்’ வந்ததும், திரும்பி வந்துவிட்டவள் படுக்கையில் இருக்கிறவளாகி விடுகிறாள். ஓர் உருபு செய்யும் வேலை அது.

அதற்குப் பிறகு நாம் இந்தப் பாடத்தை வேறு விதமாக நடத்துகிறோம். பலகையில் ஒரு வீடும் ஓர் ஊரும் வரைந்து, நடுவே ஒரு கோடு போடுகிறோம். அம்பு ஊர் வரையில் போய் நின்றால் ‘கான்’. ஊரைத் தொட்டு வீட்டுக்குத் திரும்பினால் ‘பீன்’. தமிழ் வார்த்தைக்கு நேரே இங்கிலீஷ் வார்த்தையை எழுதுவதில்லை. “ஆள் இப்போது எங்கே?” என்று கேட்கிறோம், பிள்ளைகள் பதில் சொன்ன பிறகே சாக்குக் கட்டியை எடுக்கிறோம். ஒரு வகுப்புக்கு இரண்டு பீரியடு அதிகமாகிறது. ஆகட்டும்.

திருச்சிராப்பள்ளிச் சகோதரிக்கு: இந்தப் பக்கத்தை உபாத்தியாயரிடம் காட்டுவதில் ஆட்சேபமில்லை. ஆனால் பையன் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் நீட்டிவிடப் போகிறான். அவனுடைய தகப்பனாரே மாலையில் நேரில் போய்ப் பேசட்டும். தம் கட்சித் தலைவரிடம் அவர் சொன்னால் எடுபடும். கிளம்புமுன் உபாத்தியாயருக்கு டெலிபோன் செய்து, ‘நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன்’ என்று சொல்லச் சொல்லுங்கள்.

கோயமுத்தூர் நேயர் ஒருவர் ‘ஸே’, ‘டெல்’, ‘ஸ்பீக்’, ‘டாக்’ நான்கையும் பற்றிக் கேட்டிருக்கிறார். அது அடுத்த வாரம்.